இன்ஜின் ஓடுது, சத்தம் மட்டும் வரல: எங்க இருந்து தேட ஆரம்பிக்கணும்?

மாடல் ரயில்ல, எச்ஓ ஸ்கேல்ல (நிஜத்துல 87ல ஒரு பங்கு அளவு), சவுண்டு டிகோடர்னு சத்தம் குடுக்கற குட்டி சர்க்யூட் போட்ட இன்ஜின் ஒண்ணை முதல் தடவை வாங்கி, ஆசையா ட்ராக்ல வெச்சு, ஹாரன் பட்டனை அமுக்கி, ஒண்ணுமே கேக்கலன்னா வயித்தைக் கலக்கிடும், ஏன்னா போட்ட காசு கொஞ்ச நஞ்சம் இல்ல. எனக்கும் அதேதான் ஆச்சு. அன்னைக்கு நான் செஞ்ச தப்பு, உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேல் ஷெல்லைக் கழட்டினது. கழட்டும்போது ஸ்பீக்கருக்குப் போற முடி மாதிரி மெல்லிசு வயர் ஷெல்லோட சேர்ந்து வந்து பிஞ்சு போச்சு, அதை சால்டர் பண்ணி ஒட்டி, திரும்ப மூடி, அப்பவும் சத்தம் வராம ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்ட பிறகுதான் தெரிஞ்சுது, த்ராட்டில்ல, அதாவது இன்ஜினை ஓட்டற கன்ட்ரோலர்ல, எஃப்8ங்கற பட்டன் மியூட்டுல நின்னுருக்கு. இன்ஜின்ல கோளாறே இல்ல, நான்தான் கோளாறை உண்டாக்கியிருக்கேன்.

அதனால புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான், சத்தம் வரலன்னா ஸ்பீக்கர்ல இருந்து தேட ஆரம்பிக்காதீங்க, தண்டவாளத்துல இருந்து ஆரம்பிச்சு கரன்ட் போற வழியிலேயே நீங்களும் போங்க. ஷெல்லைக் கழட்டுறது கடைசிக்கு முந்தின வேலை.

சத்தம் எப்படி வருதுன்னு சுருக்கமா

டிசிசின்னு சொல்ற டிஜிட்டல் கன்ட்ரோல் சிஸ்டத்துல தண்டவாளத்துல எப்பவுமே முழு வோல்டேஜ் இருக்கும், எச்ஓவுக்கு பெரும்பாலும் 14, 15 வோல்ட் அளவுல. வேகம், லைட்டு, ஹாரன்னு எல்லா கட்டளையும் அந்த கரன்டுக்குள்ளேயே டிஜிட்டல் சிக்னலா போகும். சக்கரம் அதை எடுத்து, சக்கரத்தை உரசிட்டு இருக்கற சின்ன உலோகத் தகடு வழியா டிகோடருக்கு குடுக்கும், டிகோடர் தன்னோட அட்ரஸுக்கு (ஒவ்வொரு இன்ஜினுக்கும் இருக்கற நம்பர்) வந்த கட்டளைதானான்னு பாத்துட்டு, மெமரில இருக்கற சத்தத்தை எடுத்து, உள்ள இருக்கற குட்டி ஆம்ப்ளிஃபயர் வழியா ஸ்பீக்கருக்கு அனுப்பும். தண்டவாளம், சக்கரம், தகடு, டிகோடர், ஆம்ப், ஸ்பீக்கர், இந்தச் சங்கிலியில எங்க அறுந்தாலும் நமக்கு "சத்தம் வரல"ன்னு ஒரே மாதிரிதான் தெரியும். லயனல்ங்கற பொம்மை ரயில் கம்பெனி 1935ல டெண்டர்க்குள்ள (ஸ்டீம் இன்ஜினுக்குப் பின்னாடி வர்ற நிலக்கரி வண்டி) மோட்டார் வெச்சு நிஜமாவே காத்து ஊதி விசில் அடிக்க வெச்சப்போ பாக்க வேண்டியது ரொம்பக் கம்மி, இப்போ நடுவுல ஒரு குட்டி கம்ப்யூட்டரே உக்காந்திருக்கு.

கையை வைக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்துடுங்க. லைட்டும் மோட்டாரும் வேலை செய்யுதா? அதே ட்ராக்ல வேற சவுண்டு இன்ஜின் வெச்சா அது கத்துதா? நேத்து நல்லா இருந்துச்சுன்னா இன்னைக்கு என்ன மாத்தினீங்க? இந்த மூணுக்கும் பதில் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. ரெண்டு இன்ஜினும் ஒண்ணா ஊமையானா கோளாறு ட்ராக்லயோ சிஸ்டத்துலயோ இருக்கு, ஒண்ணு மட்டும் ஊமையா இருந்தா அந்த இன்ஜினோட செட்டிங்லயோ உடம்புலயோ இருக்கு.

முதல்ல பட்டன்

இதுலதான் புதுசா வர்றவங்க அதிகமா மாட்டுறாங்க, ஏன்னா ஒரே பட்டன் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற வேற வேலை செய்யும். சவுண்ட்ராக்ஸ் கம்பெனியோட சுனாமி டிகோடர்ல எஃப்8 அமுக்கினா சத்தம் நிக்கும். ஈஎஸ்யூ கம்பெனியோட லோக்சவுண்டு டிகோடர் போட்டு வர்ற அமெரிக்க இன்ஜின்கள்ல நேர் எதிரு, எஃப்8 அமுக்கினாத்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி சத்தமே ஆரம்பிக்கும். ஐரோப்பிய இன்ஜின்கள்ல அந்த வேலை பெரும்பாலும் எஃப்1ல இருக்கும், ஹார்ன்பி கம்பெனியோட டிடிஎஸ் டிகோடர்லயும் எஃப்1தான். ஆக எஃப்8ஐ ஒரு தடவை அமுக்கி அஞ்சு செகண்ட் காத்திருங்க, மறுபடி அமுக்கி இன்னொரு அஞ்சு செகண்ட் காத்திருங்க, அப்புறம் எஃப்1லயும் அதே மாதிரி பண்ணிப் பாருங்க. காத்திருக்கறது முக்கியம், டீசல் ஸ்டார்ட் ஆகற சத்தம் முழுசா வர நேரம் எடுக்கும்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. ட்ராக்குக்கு கட்டளை அனுப்பற பெட்டியான கமாண்ட் ஸ்டேஷன் ஒவ்வொரு அட்ரஸுக்கும் எந்த எந்த பட்டன் ஆன்ல இருந்துச்சுன்னு ஞாபகம் வெச்சுக்கும். புது இன்ஜின் எல்லாமே அட்ரஸ் 3ல தான் வரும், போன மாசம் 3ல வேற இன்ஜினை ஓட்டி எஃப்8 அமுக்கி வெச்சிருந்தீங்கன்னா அந்த மியூட் கட்டளை இப்போ புது இன்ஜினுக்கும் போயிட்டே இருக்கும். என்னோட முதல் இன்ஜின்ல நடந்தது இதேதான்.

சத்தம் வருது ஆனா நகரலன்னு தலைகீழாவும் வரும். டீசல் ஸ்டார்ட் ஆகி முடியற வரைக்கும் சில டிகோடர் மோட்டாருக்கு கரன்டே குடுக்காது, அது கோளாறு இல்ல, நிஜ இன்ஜின் மாதிரி இருக்கணும்னு வேணும்னே அப்படி செஞ்சிருக்காங்க. புது டிகோடர்கள்ல பிரேக்குன்னு தனி பட்டன், ட்ரைவ் ஹோல்டுன்னு ஒரு பட்டன் எல்லாம் இருக்கு, தெரியாம அதுல கை பட்டுட்டா த்ராட்டிலை ஏத்தும்போது இன்ஜின் உறுமும், நின்ன இடத்தை விட்டு அசையாது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதா இருந்தா முதல் சந்தேகம் சிவி 19 மேல வரணும் (சிவிங்கறது டிகோடருக்குள்ள இருக்கற நம்பர் போட்ட செட்டிங்). முன்னாடி வெச்சிருந்தவர் ரெண்டு மூணு இன்ஜினை சேத்து ஓட்டறதுக்கு கன்சிஸ்ட் அட்ரஸ் போட்டு அதை எடுக்காம வித்திருப்பார். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு அதோட சொந்த அட்ரஸ்ல ஹாரன் அடிக்கும், பெல் அடிக்கும், த்ராட்டிலுக்கு மட்டும் அசையவே அசையாது. சிவி 19ல 0 எழுதுங்க, உடனே ஓடும். இது தெரியாம மோட்டார் போச்சுன்னு சொல்லி பாதி விலைக்கு இன்ஜினை தள்ளிவிட்டவங்களை எனக்குத் தெரியும், கேக்கவே கஷ்டமா இருக்கும்.

சாதா டிசி பவர் பேக்ல ஓட்டுறவங்களுக்கு

இவங்களுக்கு கதையே வேற. டிகோடர் கண் முழிக்கவே 5, 6 வோல்ட் வேணும், அதுக்கு அப்புறம்தான் சத்தம், அதுக்கும் மேல ஏத்தினாத்தான் ஓட்டம். அதனால குமிழை மெதுவா திருகும்போது முதல்ல எதுவுமே நடக்காது, திடீர்னு சத்தம் வரும், பாதி தூரம் தாண்டி நகர ஆரம்பிக்கும். இது சரியான நடத்தைதான். ஹாரனும் பெல்லும் நம்ம இஷ்டத்துக்கு அடிக்கணும்னா டிசியில தனியா ஒரு கன்ட்ரோலர் பாக்ஸ் வேணும், அது இல்லாம ஹாரன் வரலன்னு தேடாதீங்க. பழைய பவர் பேக்ல மெதுவா ஓட்டறதுக்காக பல்ஸ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை அணைச்சுடுங்க, சவுண்டு டிகோடர் அதுல குழம்பிப் போகும். அணைச்ச பிறகும் ஊமையாவே இருந்தா சிவி 29ல அனலாக், அதாவது டிசி, ஓட்டத்துக்கு அனுமதி இல்லாம இருக்கலாம். குட்டை அட்ரஸ்னா 6, நீள அட்ரஸ்னா 38 இருந்தா டிசியிலயும் ஓடும், 2 அல்லது 34 இருந்தா டிசிசியில மட்டும்தான். டிசிசியில மட்டும் ஓட்டுறவங்க 2 அல்லது 34 வெச்சுக்கறதே நல்லது, லைன்ல எங்கயாவது ஷார்ட் ஆகி விட்டு வரும்போது டிகோடர் டிசின்னு நினைச்சுட்டு தலைதெறிக்க ஓடற ஆபத்து இருக்காது.

விட்டு விட்டு வர்ற சத்தம்: தண்டவாளமும் சக்கரமும்

ஒரு இடத்துல சத்தம் கட் ஆகி, திரும்ப முதல்ல இருந்து ஸ்டார்ட் ஆகற சத்தம் வந்தா, அது ஏறக்குறைய எப்பவுமே அழுக்குதான். சவுண்டு இல்லாத இன்ஜின் ஒரு சின்ன அழுக்குப் பொட்டு மேல ஓட்டத்துலயே தாண்டிப் போயிடும், நமக்குத் தெரியவே தெரியாது. சவுண்டு டிகோடர் அப்படி இல்ல, ஒரு கண் சிமிட்டற நேரம் கரன்ட் போனாலும் அணைஞ்சு திரும்ப எழுந்திருக்கும். அதனால "பழைய இன்ஜின் இதே ட்ராக்ல நல்லாத்தானே ஓடுது"ங்கறது ட்ராக் சுத்தமா இருக்குங்கறதுக்கு சாட்சி ஆகாது.

மெடிக்கல் ஷாப்லயோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலயோ கிடைக்கற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கோங்க, தண்ணி கம்மியா இருக்கற வகை. பஞ்சு வராத துணியில நனைச்சு தண்டவாளத்தோட மேல் முகத்தைத் துடைங்க, துணி கறுப்பாகறது நிக்கற வரைக்கும். உப்புத்தாள் வேண்டாம்னு நான் கையெடுத்துக் கும்பிட்டு கேட்டுக்கறேன். அதுல விழற கீறல் கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஒவ்வொரு கீறலும் அடுத்த வார அழுக்குக்கு ஒரு வாய்க்கால். பழைய பித்தளை தண்டவாளமா இருந்தா கறுத்த படலம் கரன்டையே விடாது, நிக்கல் சில்வர் அந்த அளவுக்கு படுத்தாது. கடலோர ஊர்ல இருக்கறவங்க இன்னும் அடிக்கடி துடைக்கணும்.

சக்கரத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. டிஷ்யூ பேப்பரை ஆல்கஹால்ல ஈரமாக்கி, சொட்டச் சொட்ட இல்லாம லேசா, ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க விரிங்க. இன்ஜினோட முன் சக்கரங்களை பேப்பர் மேலயும் பின் சக்கரங்களை வெறும் தண்டவாளத்து மேலயும் வெச்சு, கையால பிடிச்சுக்கிட்டு மெதுவா ஓட விடுங்க, பேப்பர்ல ரெண்டு கறுப்புக் கோடு விழும். அப்புறம் திருப்பி வெச்சு பின் சக்கரங்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கக் கூடியது, சக்கரத்துல பொறியும் வரும், அதனால ஜன்னலைத் திறந்து வெச்சு, பாட்டிலை மூடி தள்ளி வெச்சுட்டு செய்யுங்க. பேப்பர் முறை பயமா இருந்தா காது குடையற பட்ஸால ஒவ்வொரு சக்கரமா துடைச்சுக்கலாம், நேரம்தான் ஆகும்.

துடைச்ச பிறகும் ஒரே இடத்துல மட்டும் கட் ஆனா, அந்த இடத்துல இன்ஜின் மேல விரலால லேசா அமுக்கிப் பாருங்க. அமுக்கும்போது சத்தம் வந்தா தண்டவாளம் அங்க மேடு பள்ளமா இருக்கு, இல்லன்னா ரெண்டு துண்டு தண்டவாளத்தை சேக்கற ஜாயினர் லூஸ். ஜாயினரை நம்பி கரன்ட் அனுப்பாதீங்க, அது தண்டவாளத்தை நேரா பிடிக்கறதுக்குத்தான், சுமாரா ஒரு மீட்டருக்கு ஒரு ஜோடி ஃபீடர் வயர் கீழ இருந்து சால்டர் பண்ணிக் குடுங்க. லைன் பிரியற பாயின்ட் மேல மட்டும் கட் ஆனா, நடுவுல தண்டவாளங்கள் வெட்டிக்கற ஃப்ராக்ங்கற துண்டு பிளாஸ்டிக்கா, இல்ல கரன்ட் இல்லாத உலோகமான்னு பாருங்க, குட்டி ஷன்டர் இன்ஜின் அந்த இடத்துல கண்டிப்பா திக்கும்.

வயரிங் நல்லா இருக்கான்னு பாக்க பழைய காலத்து வழி ஒண்ணு இருக்கு, காசு டெஸ்ட். கமாண்ட் ஸ்டேஷன்ல இருந்து ரொம்பத் தூரத்துல இருக்கற இடத்துல ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க ஒரு காசை வைங்க, சிஸ்டம் அந்த நிமிஷமே ட்ரிப் ஆகணும். ஆகலன்னா வயர் ரொம்ப மெல்லிசு, இல்லன்னா ஃபீடர் பத்தல. காசை அங்கேயே விட்டுட்டுப் போயிடாதீங்க, சுடும். மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சுல வெச்சு ட்ராக் முழுக்க அளந்தாலும் ஆகும், சாதா மீட்டர் டிசிசியை துல்லியமா காட்டாது, ஆனா ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும், அதுதான் நமக்கு வேணும்.

ஸ்டீம் இன்ஜின்ல டிகோடரும் ஸ்பீக்கரும் அனேகமா டெண்டர்ல இருக்கும், இன்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவுல ஒரு குட்டி ப்ளக் போகும். அது முழுசா உள்ள போகலன்னா என்ன வேணும்னாலும் நடக்கும், லைட்டு எரியாது, சத்தம் வரும் ஓடாது, ஓடும் சத்தம் வராது. மரக்குச்சி மாதிரி மொட்டையா இருக்கறதை வெச்சு நேரா தள்ளுங்க, வயரைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. இதெல்லாம் சரி பண்ணினதுக்கு அப்புறம் கீப் அலைவ்னு சொல்ற, கரன்ட் விட்டாலும் கொஞ்ச நேரம் டிகோடரைத் தாங்கற கபாசிட்டர் போட்டா சத்தம் கட் ஆகறது நின்னே போயிடும், ஆனா அழுக்கை மறைக்கறதுக்காக அதைப் போடாதீங்க.

சத்தம் இருக்கு, ரொம்பக் கம்மி இல்ல காது கிழியுது

வால்யூம் எந்த சிவியில இருக்குன்னு தெரியணும்னா டிகோடர் யாரோடதுன்னு தெரியணும். ப்ரோக்ராமிங் ட்ராக்ல (செட்டிங் படிக்க, எழுதன்னு தனியா இருக்கற ட்ராக் துண்டு) சிவி 8ஐப் படிங்க. 151 வந்தா ஈஎஸ்யூ, 141 சவுண்ட்ராக்ஸ், 145 ஜிமோ, 129 டிஜிட்ராக்ஸ், 38 வந்தா பிராட்வே லிமிடெட். மொத்த வால்யூம் ஈஎஸ்யூ லோக்சவுண்டு 4, 5 ரெண்டுலயும் சிவி 63, அதிகபட்சம் 192. சுனாமில சிவி 128, 255 வரைக்கும். ஜிமோல சிவி 266. பிராட்வே பாராகன்ல சிவி 133. இது மொத்த வால்யூம் மட்டும்தான், ஹாரன், பெல், இன்ஜின் உறுமல்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வால்யூம் இருக்கு, ஒண்ணு மட்டும் கேக்கலன்னா அதோட சொந்த வால்யூமை யாராவது 0 ஆக்கியிருக்கலாம். லோக்சவுண்டு 4, 5ல அதை மாத்தறதுக்கு முன்னாடி சிவி 31ல 16, சிவி 32ல 1 எழுதணும், அப்புறம்தான் சிவி 259 மாதிரி நம்பருக்குப் போகணும், இல்லன்னா நீங்க எழுதற மதிப்பு வேற பக்கத்துல போய் உக்காந்துடும்.

வால்யூமை முழுசா ஏத்தாதீங்க. கட்டைவிரல் நகம் அளவு ஸ்பீக்கரை முழு வால்யூம்ல வெச்சா கரகரன்னு உடைஞ்சு போன சத்தம்தான் வரும், ஸ்பீக்கர் போச்சுன்னு நினைச்சுடுவீங்க. பாதிக்கு இறக்குங்க, கரகரப்பு நின்னா ஸ்பீக்கர்ல தப்பு இல்ல. ஒரு ரூம்ல நாலு இன்ஜின் ஒண்ணா ஓடினா பாதி கூட ஜாஸ்திதான், நான் எல்லா இன்ஜினையும் மூணுல ஒரு பங்குலதான் வெச்சிருக்கேன்.

ப்ரோக்ராமிங் ட்ராக்ல சிவியைப் படிக்கவே முடியலன்னா பயப்படாதீங்க, டிகோடர் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. டிகோடர் பதில் சொல்றதுக்கு ஒரு சின்ன கரன்ட் துடிப்பு குடுக்கும், சுமார் 60 மில்லிஆம்ப், 6 மில்லிசெகண்ட். சவுண்டு டிகோடர்ல பெரிய கபாசிட்டர் இருக்கறதால சில பழைய சிஸ்டம்களோட பலவீனமான ப்ரோக்ராமிங் ட்ராக்குக்கு அந்தத் துடிப்பு தெரியாமலே போயிடும், கீப் அலைவ் இருந்தா இன்னும் மோசம். மெயின் ட்ராக்லயே, மத்த இன்ஜினையெல்லாம் எடுத்துட்டு, அந்த இன்ஜினோட அட்ரஸைக் குடுத்து எழுதிப் பாருங்க, எழுத முடியும், படிக்கத்தான் முடியாது. ஹாரன் வால்யூமை மாத்தி எழுதி ஹாரன் அடிச்சுப் பாத்தா போதும், காதே படிச்சு சொல்லிடும். கம்ப்யூட்டரோட இணைக்க வசதி இருந்தா ஜேஎம்ஆர்ஐயோட டிகோடர்ப்ரோங்கற சாஃப்ட்வேரைப் போட்டுக்கோங்க, இலவசம், எல்லா சிவியையும் பேரு போட்டுக் காட்டும், முதல் வேலையா இருக்கறதை அப்படியே சேவ் பண்ணி வெச்சுடுங்க.

இப்போ ஷெல்லைக் கழட்டலாம்

இவ்வளவும் பாத்தாச்சு, லைட்டு எரியுது, ஓடுது, மியூட் இல்ல, வால்யூம் இருக்கு, ஆனா சத்தம் இல்ல. இப்போதான் ஸ்க்ரூடிரைவர். ஃபோம் மேல தலைகீழா படுக்க வெச்சு, மேனுவல்ல காட்டற ஸ்க்ரூவை மட்டும் கழட்டி, ஷெல்லை ஒரு விரல் அளவு தூக்கி எட்டிப் பாருங்க, வயர் ஏதாவது ஷெல்லோட ஒட்டி வருதான்னு. ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல போட்டோ எடுங்க.

முதல்ல டிகோடர் ப்ளக்கை விரலால சமமா அமுக்குங்க. 21 பின், ப்ளக்ஸ்22 மாதிரி புது வகை டிகோடர் சாக்கெட்ல ஸ்பீக்கர் லைனும் அந்தப் பின் வழியாவே போகுது, ஒரு மூலை தூக்கி நின்னா மோட்டார் ஓடும் சத்தம் வராது. பழைய 8 பின்ல ஸ்பீக்கருக்குன்னு பின்னே கிடையாது, தனி ரெண்டு வயர் வரும், சவுண்ட்ராக்ஸ்ல ஊதா கலர், ஈஎஸ்யூல பிரவுன்.

பவரை எடுத்துட்டு, ஸ்பீக்கர் வயர் ஒண்ணை டிகோடர்ல இருந்து பிரிச்சு, மல்டிமீட்டரை ஓம்ல வெச்சு ஸ்பீக்கரோட ரெண்டு முனையையும் தொடுங்க. 8 ஓம் ஸ்பீக்கர் 7க்குப் பக்கத்துல காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் மூணரை நாலு காட்டும். எதுவுமே காட்டலன்னா உள்ள காயில் அறுந்திருக்கு, 0 காட்டினா ஷார்ட். மீட்டர் இல்லாதவங்க 1.5 வோல்ட் பேட்டரி செல்லை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுத்தா நல்ல ஸ்பீக்கர் "டொக்"குன்னு சொல்லும்.

மாத்தறதா இருந்தா டிகோடர் எத்தனை ஓம் கேக்குதோ அதுக்குக் கீழ போகாதீங்க, போனா ஆம்ப் கருகும், அதை வீட்டுல சரி பண்ண முடியாது. பழைய லோக்சவுண்டு 3.5 வரைக்கும் 100 ஓம் ஸ்பீக்கர் கேக்கும், அதுல இன்னைக்கு கடையில கிடைக்கற 8 ஓம் ஸ்பீக்கரைப் போட்டா கதை முடிஞ்சுது. ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கரை பேரலலா போட்டா 4 ஓம் ஆயிடும், சீரிஸ்ல போட்டா 16. ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில தள்ளணும், பிளஸ் மைனஸ் மாறிப் போனா ஒண்ணு சத்தத்தை இன்னொண்ணு தின்னுடும். இன்னொரு உயிர் விஷயம், ஸ்பீக்கர் வயர் ரெண்டுமே இன்ஜினோட உலோக சேஸிஸைத் தொடவே கூடாது, ஒவ்வொரு இணைப்புக்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்க, கப்டன் டேப்னு சூடு தாங்கற இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க.

ஸ்பீக்கர் நல்லாருக்கு ஆனா சத்தம் டின் டப்பா மாதிரி மெலிசா வருதுன்னா, பின்னாடி டப்பா இருக்கான்னு பாருங்க. ஸ்பீக்கரோட முன் பக்கம் வர்ற காத்தும் பின் பக்கம் வர்ற காத்தும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், அதைத் தடுக்கத்தான் என்க்ளோஷர்னு ஒரு மூடின பெட்டி. வெறும் ஸ்பீக்கரை ஓட விட்டு, உள்ளங்கையைக் குவிச்சு அதோட முதுகை மூடிப் பாருங்க, குரல் கனமாகறது உடனே தெரியும். பெட்டி ஓரத்துல ஊசி அளவு ஓட்டை இருந்தாலும் அந்தக் கனம் போயிடும், வெள்ளைப் பசையால சுத்தி அடைங்க. செல்போன்ல வர்ற மாதிரி 11க்கு 15 மில்லிமீட்டர் சுகர் க்யூப் ஸ்பீக்கர் சரியான பெட்டியோட இருந்தா, பெட்டி இல்லாத பெரிய வட்ட ஸ்பீக்கரை விட அருமையா பேசும், சின்னதுன்னு ஒதுக்காதீங்க.

உறுமும்போது கடகடன்னு அதிர்வு வந்தா ஷெல், கைப்பிடிக் கம்பி, எடைக்கட்டின்னு ஒவ்வொண்ணா விரலால தொட்டுக்கிட்டே கேளுங்க, எதைத் தொட்டா நிக்குதோ அதுதான், ரெண்டு பக்கமும் ஒட்டற டேப் ஒரு துண்டு போதும். ஸ்பீக்கர் காந்தம் ட்ராக் ஆணி, இரும்புத் தூள் எல்லாத்தையும் இழுத்து கோன் மேல வெச்சுக்கும், பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்து டேப்பால ஒத்தி எடுங்க.

வேற ரீங்காரம் கேட்டுட்டே இருந்தா மியூட் போட்டு ஓட்டுங்க. மியூட்லயும் கேட்டா அது ஸ்பீக்கர் இல்ல, மோட்டாரோ கியரோ. இந்த ஒரு சோதனை எத்தனையோ மணி நேரத்தை மிச்சம் பண்ணும்.

குபுகுபு சத்தம் சக்கரத்தோட சேரல

ரெண்டு சிலிண்டர் ஸ்டீம் இன்ஜின்ல பெரிய சக்கரம் ஒரு சுத்து சுத்தினா நாலு குபு வரணும், மூணு சிலிண்டர்னா ஆறு. சக்கரத்துல ஒரு புள்ளி வெச்சு, ரொம்ப மெதுவா ஓட்டி எண்ணுங்க. லோக்சவுண்டுல சிவி 57, 58 ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி சேர்த்துடலாம், முதல்ல மெதுவான வேகத்துல சேர்த்துட்டு அப்புறம் வேகத்துக்குப் போங்க. இன்ஜினே குலுங்கிக் குலுங்கி ஓடினா சத்தமும் ஏறி இறங்கும், அப்போ மோட்டார் கன்ட்ரோலை முதல்ல சரி பண்ணணும். லோக்சவுண்டு 4, 5ல சிவி 54ல 0 எழுதி எஃப்1 அமுக்கினா இன்ஜின் தானே அளந்து செட் பண்ணிக்கும், ஆனா அந்த நொடி முழு வேகத்துல பாயும், நீளமா காலி ட்ராக் இல்லாம செய்யாதீங்க.

டீசல்ல சத்தம் வருது ஆனா "இது அந்த இன்ஜின் சத்தம் இல்லையே"ன்னு தோணுதுன்னா அது உங்க காது சொல்ற உண்மையா இருக்கலாம், தப்பான சவுண்டு ஃபைல் ஏத்தியிருப்பாங்க. அமெரிக்க ஈஎம்டி கம்பெனியோட 645 டீசல்ல அந்த எண் ஒரு சிலிண்டரோட கொள்ளளவு, கன அங்குலத்துல, 567க்கும் 710க்கும் அதே கணக்கு, மூணுமே குரல் வேற வேற. இன்னொரு அமெரிக்க கம்பெனியான ஆல்கோவோட 251 தனி ஜாதி. நம்ம ஊர் ஸ்டேஷன்ல டபிள்யூடிஎம்-2 நின்னு உறுமறதைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது சட்டுன்னு பிடிபடும், ஏன்னா அதுக்குள்ள இருந்ததும் 16 சிலிண்டர் ஆல்கோ 251தான், டபிள்யூடிபி-4ல இருக்கறது ஈஎம்டி 710. எங்கேயோ அமெரிக்க மாடலுக்குன்னு பதிஞ்ச ஆல்கோ சத்தத்தை முதல் தடவை போட்டுக் கேட்டப்போ எனக்கு சின்ன வயசு ப்ளாட்ஃபாரம் அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு, நல்ல சவுண்டு ஃபைலுக்காக மெனக்கெடலாம்னு நான் சொல்றது இதுக்குத்தான். ஈஎஸ்யூ டிகோடர்னா லோக்ப்ரோக்ராமர்ங்கற அவங்க கருவி இருந்தா கம்ப்யூட்டர்ல இருந்து வேற சத்தம் ஏத்திக்கலாம், எல்லா கம்பெனி டிகோடர்லயும் இது முடியாது, வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

மூணு தண்டவாள ஓ கேஜ் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வரி. ஹாரன் பட்டன் அமுக்கினா பெல்லும், பெல் பட்டன் அமுக்கினா ஹாரனும் அடிச்சா இன்ஜின்ல ஒண்ணும் இல்ல, ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து ட்ராக்குக்குப் போற ரெண்டு வயரை மாத்திப் போடுங்க. பவர் குறைஞ்ச உடனே சத்தம் சட்டுனு நின்னா உள்ள பேட்டரி இருக்கற வகையான்னு பாத்து அதை மாத்துங்க.

ரீசெட் எப்போ

எல்லாரும் முதல்லயே ரீசெட் பண்ணச் சொல்வாங்க, நான் வேண்டாம்னு சொல்வேன். ரீசெட் பண்ணினா அட்ரஸ் 3க்குப் போயிடும், நீங்க பாத்துப் பாத்து வெச்ச வால்யூம் எல்லாம் போயிடும், எது கோளாறுன்னும் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும். இருக்கற சிவி மதிப்பை எழுதி வெச்சுட்டு, வேற வழி இல்லாதப்போ செய்யுங்க. பெரும்பாலான டிகோடர்ல சிவி 8ல 8 எழுதணும், ஈஎஸ்யூ, ஜிமோ, டிஜிட்ராக்ஸ், சுனாமி2 எல்லாம் இப்படித்தான். பழைய சுனாமில சிவி 30ல 2 எழுதி பவரை அணைச்சுப் போடணும், சரியா ஆச்சுன்னா ஹெட்லைட் 16 தடவை மினுக்கும். க்யூஎஸ்ஐ கம்பெனி டிகோடர்ல மட்டும் மூணு சிவி எழுதணும், சிவி 49ல 128, சிவி 50ல 255, சிவி 56ல 113. சவுண்டு ஃபைல் இதுல அழியாது.

ரீசெட்டும் ஆச்சு, ட்ராக் சுத்தம், நல்ல ஸ்பீக்கர் மாத்திப் பாத்தாச்சு, லைட்டும் மோட்டாரும் சரியா இருக்கு, சத்தம் மட்டும் இல்லன்னா ஆம்ப் போயிடுச்சு. டிகோடர் மேல மூக்கை வெச்சு மோந்து பாருங்க, கருகின வாசனை இருந்தா சந்தேகமே வேண்டாம், வாரன்டி பேப்பரைத் தேடுங்க.

சரியானவங்க உடனே ஷெல்லை மூடி ஸ்க்ரூவை முறுக்காதீங்க. ஷெல்லை சும்மா மேல வெச்சு பத்து நிமிஷம் ஐடில்ல உறும விடுங்க, ரெண்டு பக்கமும் ஓட்டுங்க, ஹாரன் அடிங்க. அப்புறம் ஷெல் ஓரம் முழுக்க வயர் எதுவும் நசுங்கலன்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ஒரு ஸ்க்ரூவை முறுக்கி மறுபடி சத்தம் கேளுங்க, அப்புறம் அடுத்த ஸ்க்ரூ.